பெருத்துப்போன குடிநீர் மெயினுக்கு சிலிப்லைனிங்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

1990க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி நகரங்களின் குடிநீர்ப் பொறியாளர்களுக்கு வந்த தலைவலி விநோதமானது. குழாய் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலை தேடி மக்கள் மேற்கே போனார்கள். சல்லிசாகக் கிடைத்த தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு மீட்டரும், கையைக் கடிக்கும் விலையும் வந்தன. ஜெர்மனி முழுவதற்குமான சராசரியே 1990இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 147 லிட்டர். இப்போது 120-ஐச் சற்றுத் தாண்டுகிறது. கிழக்கு மாநிலங்கள் அதற்கும் கீழே. பூமிக்குள் கிடப்பதோ பழைய கணக்குக்குப் போட்ட 500, 600 மி.மீ. வார்ப்பிரும்பு.

குழாய் பெரிதாக இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். தண்ணீர் நகராது. நகராத தண்ணீரில் துரு படியும், வண்டல் தங்கும், வெப்பம் ஏறும், கிருமிக்கு அவகாசம் கிடைக்கும். என்றைக்காவது தீயணைப்பு ஹைட்ரண்டைத் திறந்தால் அத்தனை வண்டலும் கிளம்பி, தெரு முழுக்கப் பழுப்புத் தண்ணீர். குளோரின் போடும் ஊரில் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் அது செத்துப்போகும். குளோரின் இல்லாமலே வழங்கும் பெர்லின் மாதிரி ஊரில் தண்ணீர் எவ்வளவு நேரம் குழாயில் கிடக்கிறது என்பதே தரத்தின் பாதி. அடிக்கடி ஃபிளஷ் செய்து சமாளிக்கலாம். சுத்திகரித்த தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும் வேலை அது.

அந்த மெயின்களை, அதாவது பெருங்குழாய்களை, மாற்ற ஒப்பந்ததாரர்கள் நீட்டும் முறைகளில் சிலிப்லைனிங்கை இங்கே எடைபோடுகிறோம். பழைய குழாயைத் தோண்டி எடுக்காமல், அதற்குள்ளேயே விட்டம் குறைந்த புதுக் குழாயை இழுத்துவிடுவதுதான் முறை. தோண்டாமல் செய்யும் முறைகளில் பழையவற்றுள் ஒன்று, எளிமையானதும்கூட. விட்டம் குறைகிறது என்பதுதான் இதன்மேல் எப்போதும் சொல்லப்படும் குறை. பெருத்துப்போன மெயினில் அந்தக் குறையே நாம் தேடும் குணம். ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: மெயின் உண்மையிலேயே பெரிதாக இருந்து, அதிலிருந்து நேரடியாகப் பிரியும் வீட்டுக் கனெக்ஷன்கள் குறைவாக இருந்தால் இதைவிட நல்ல சரக்கு கிடையாது. கனெக்ஷன் நெருக்கமாக இருந்தால் வேண்டாம்.

600 மி.மீ. பழைய மெயினுக்குள் 450 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.இ. 100 (உறுதியான பாலிஎத்திலீன் வகை) குழாய், எஸ்.டி.ஆர். 17 (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப்போல ஏறத்தாழ 17 மடங்கு) என்று வைத்துக்கொள்வோம். சுவர்த் தடிமன் 26.7 மி.மீ.; உள்விட்டம் 396.6 மி.மீ. குறுக்குப் பரப்பு பாதிக்கும் கீழே போகிறது, ஆனால் கொள்ளளவு அப்படி விழுவதில்லை. துரு முடிச்சு கட்டிய பழைய இரும்புக்கு ஹேசன்-வில்லியம்ஸ் சி எண் (குழாய்ச் சுவரின் வழவழப்பைச் சொல்லும் எண்) 60 என்றும் புது பாலிஎத்திலீனுக்கு 150 என்றும் வைத்தால், அதே அழுத்த இழப்பில் பழைய குழாய் கொடுத்ததில் 84 சதவீதத்தைப் புதியது கொடுக்கும். பழையது கொஞ்சம் நல்ல நிலையில் இருந்து சி 70 என்றால் 72 சதவீதம். 500 மி.மீ. குழாயை நுழைத்தால் அதே 70க்கு 95 சதவீதம். இந்த சி எண்ணை மேஜையில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. இரண்டு ஹைட்ரண்டுகளுக்கு நடுவே ஓட்டத்தையும் அழுத்த வித்தியாசத்தையும் அளந்து எடுக்க வேண்டும்.

லாபம் வேகத்தில் தெரியும். நொடிக்கு 50 லிட்டர் ஓடும்போது 600 மி.மீ. குழாயில் வேகம் 0.18 மீட்டர், உள்ளே நுழைத்த குழாயில் 0.40. நெதர்லாந்தில் தெருக் குழாய்கள் தாமாகவே வண்டலைக் கழுவிக்கொள்ள, நாளுக்கு ஒரு முறையாவது 0.4 மீட்டர் வேகம் வரும்படி வடிவமைக்கிறார்கள். அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். இரவு ஓட்டம் நொடிக்கு 10 லிட்டர் என்றால், ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பழைய குழாயில் ஏறத்தாழ எட்டு மணி நேரம், புதியதில் மூன்றரை.

பெரிதா இல்லையா என்பதை நாள் சராசரி ஓட்டத்தை வைத்து முடிவு செய்வது ஆபத்து. உச்ச நேர ஓட்டம், அதன்மேல் தீயணைப்பு ஓட்டம், இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் தீயணைப்புக்கான டி.வி.ஜி.டபிள்யூ. (எரிவாயு, குடிநீர்த் துறைச் சங்கம்) டபிள்யூ 405 விதி, கட்டடப் பகுதியைப் பொறுத்து மணிக்கு 48, 96 அல்லது 192 கன மீட்டர் வீதம் இரண்டு மணி நேரத்துக்குக் கேட்கிறது. 96 என்பது நொடிக்கு 27 லிட்டர்தான், 400 மி.மீ. குழாய்க்கு அது தூசு. அதே 96-ஐ 100 மி.மீ. தெருக் குழாயிடம் கேட்டால் வேகம் மூன்றரை மீட்டரை நெருங்கும். குறைப்பது மெயினில் இருக்கட்டும், தெருவில் யோசித்துச் செய்யுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் சராசரி ஓட்டத்தைப் பார்த்தால் எந்தக் குழாயும் பெரிதாகத்தான் தெரியும். ஒரு நாள் தண்ணீர் முழுக்க அந்தச் சில மணி நேரத்தில் ஓடுகிறது என்பதை மறந்து குறைத்தால், கடைக்கோடித் தெரு காய்ந்துவிடும்.

இனி வேலை. முதலில் பழைய குழாயை வெட்டித் திறந்து, சங்கிலியோ ஸ்கிரேப்பரோ இழுத்துத் துருவைச் சுரண்டி, கேமரா விட வேண்டும். தேடுவது மூன்று விஷயம்: உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபெரூல் (வீட்டுக் கனெக்ஷனுக்காக மெயினில் திருகிய சிறு இணைப்பு), ஜாயிண்டில் உருக்கி ஊற்றியபோது உள்ளே வழிந்து உறைந்த ஈயம், வரைபடத்தில் இல்லாத பெண்டு (வளைவுத் துண்டு). மூன்றாவதுதான் அதிகம் படுத்தும். 450 மி.மீ. குழாய் 600க்குள் 11¼ டிகிரி பெண்டைச் சில சமயம் கடக்கும். 22½ டிகிரி என்றால் அங்கே குழி வெட்டி பெண்டை எடுத்தே ஆக வேண்டும். பட்டர்ஃபிளை வால்வு, டீ (கிளை பிரியும் இணைப்பு) எல்லாவற்றுக்கும் அதே கதி. கேமரா ஓடியதும் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் புதுக் குழாய்த் துண்டு ஒன்றை முன்னோட்டமாக இழுத்து, வெளியே வந்ததும் கீறலை அளக்க வேண்டும். சுவர்த் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இங்கே 2.7 மி.மீ.க்கு மேல் கீறல் இருந்தால் மறுபடி சுரண்டல்தான். இந்தத் துண்டு இழுப்பைத் தவிர்த்து நேரம் மிச்சம் பிடிக்கும் ஒப்பந்ததாரரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

தோண்டாத முறை என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், குழி உண்டு. குழாய் வளைந்து இறங்க இடம் வேண்டும். மிதமான வெயிலில் வளைவு ஆரம் விட்டத்தைப்போல 25 மடங்கு, இங்கே 11.25 மீட்டர். பழைய குழாய் 1.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால் நுழைவுக் குழி 8 மீட்டர் நீளம் தேவை. உறைநிலைக் குளிரில் குழாய் விறைத்து ஆரம் இரட்டிப்பாகும். குழி பதினொன்றரை மீட்டர் ஆகும். பனிக்காலத்தில் எடுத்த வேலை ஏன் கூடுதல் செலவு என்பதற்குக் காரணம் இதுதான். குழிக்குப் பின்னால், பற்றவைத்த குழாய் முழு நீளமும் ரோலர்மேல் கிடக்க வேண்டும். 200 மீட்டர் இழுப்பு என்றால் 200 மீட்டர் தெரு அடைபடும். குறுக்குத் தெருக்களில் பாலம் கட்டியோ, இரவில் இழுத்தோ தீர்க்கலாம். அதுவும் முடியாத நெரிசலில் பாலிஎத்திலீனை விட்டுவிட்டு, பிடிப்பு ஜாயிண்ட் கொண்ட டக்டைல் அயர்ன் (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு) பைப்பை ஆறு ஆறு மீட்டராகக் குழிக்குள்ளேயே கோத்துக் கோத்து இழுக்கலாம். ஜெர்மனியில் பெரிய மெயின்களுக்கு இது பழகிய வழி. தெரு அடைபடாது, ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் நின்று நின்று போகும்.

வெல்டிங்கில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட் ஃபியூஷன் (முனையோடு முனையை உருக்கி ஒட்டுவது) தட்டு 220 டிகிரி செல்சியஸ் சுற்றி, குழாய் முனை சீவி எடுத்த கையோடு தொடாமல் சூடாக்க வேண்டும், காற்றும் தூசியும் தட்டில் படாமல் கூடாரம் வேண்டும். கெடுவது பெரும்பாலும் ஆறவைக்கும் நேரத்தில். அவசரத்தில் கிளாம்ப்பைக் கழற்றினால் ஜாயிண்ட் பார்வைக்குக் குறையே இல்லாமல் இருக்கும், இழுக்கும்போது பிளக்கும். எந்திரம் ஒவ்வொரு ஜாயிண்டின் வெப்பம், அழுத்தம், நேரத்தைப் பதிவு செய்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத ஜாயிண்டை வெட்டச் சொல்லும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இழுப்பு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், கணக்கு அவ்வளவு பயங்கரமில்லை. இந்தக் குழாய் மீட்டருக்கு 34 கிலோ. 200 மீட்டருக்கு 6.8 டன். உராய்வு 0.6 என்றால் நேர்ப்பாதையில் வின்ச்சுக்கு வேண்டியது நான்கு டன் சொச்சம். 20 டிகிரியில் பி.இ. 100 தாங்க அனுமதிக்கும் இழுவை சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன். மொத்தம் 35 டன்னுக்கு மேல் வரும். அத்தனை இடைவெளி இருக்கும்போது விசைமானி திடீரென்று பத்து டன்னைக் காட்டினால் எங்கோ ஏதோ பிடித்திருக்கிறது என்று பொருள். நிறுத்திப் பாருங்கள், வின்ச்சை முடுக்கினால் எதையாவது கிழித்துக்கொண்டு வரும். பழைய குழாயின் வெட்டு வாய்க்கு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை போடாமல் இழுப்பது, அரிவாள்மேல் குழாயை உருவுவதற்குச் சமம்.

அதிகம் பேரை ஏமாற்றுவது வெப்பம். கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால் 40 டிகிரியை எளிதாகத் தொடும். அந்தச் சூட்டில் அனுமதித்த இழுவை 30 சதவீதம் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை சுருக்கம். பாலிஎத்திலீன் டிகிரிக்கு, மீட்டருக்கு 0.18 மி.மீ. சுருங்கும். 40 டிகிரியில் இழுத்த 200 மீட்டர் குழாய், 12 டிகிரி பூமிக்குள் ஆறினால் ஒரு மீட்டர் குட்டையாகும். இழுத்த இழுப்பில் நீண்டது பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தனி. அதுவும் மெல்லத் திரும்பும். ஆகவே காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போதே இழுத்து, இரண்டு முனையிலும் ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக விட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் வெட்ட வேண்டும். அன்று மாலையே வெட்டி ஃபிளாஞ்ச் மாட்டிய இடங்களில், மறுநாள் முனை உள்ளே போயிருக்கும் அல்லது பழைய வால்வு இழுபட்டு விரிசல் விட்டிருக்கும். வேலை முடிந்த பிறகும் தண்ணீர் அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் உப்பி நீளத்தில் சுருங்கப் பார்க்கும். முனைகளில் கான்கிரீட் ஆங்கர் இல்லாமல் பழைய ஈய ஜாயிண்டோடு இணைக்கக் கூடாது.

இரண்டு குழாய்க்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்புவதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழைய குழாய் இன்னும் மண்ணைத் தாங்கும் பலத்தோடு இருந்தால் முனைகளை மட்டும் அடைத்து விட்டுவிடலாம் என்பது ஒரு கட்சி. நம் சார்பு நிரப்பும் கட்சிக்கு, அதுவும் சாலைக்கு அடியில்: நிரப்பாவிட்டால் அது நிலத்தடி நீருக்கு ஓர் இலவசக் கால்வாய், பழைய இரும்பு நொறுங்கும் நாளில் துண்டுகள் புதுக் குழாய்மேல் விழும். அளவு மீட்டருக்கு 0.124 கன மீட்டர், நூறு மீட்டருக்குப் பன்னிரண்டரை. ஏற்றிய கிரௌட் (நிரப்பும் சிமெண்ட் கலவை) இந்தக் கணக்குக்குக் கீழே நின்றுவிட்டால் எங்கோ அடைப்பு. மேலே போனால் ஏதோ பழைய டீ வழியாக யாருடைய பாதாள அறைக்கோ போய்க்கொண்டிருக்கிறது.

கிரௌட்டில் கெடுவது இரண்டு. ஒன்று மிதப்பு. கன மீட்டருக்கு 1,500 கிலோ எடையுள்ள சாதாரணக் கலவையில் காலிக் குழாய் மீட்டருக்கு 200 கிலோ விசையோடு மேலே எழும். தண்ணீர் நிரப்பி வைத்தாலும் 80 கிலோ. குழாய் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும், கனெக்ஷன் போட மேலிருந்து வருபவருக்கு இடமே இருக்காது. 1,000 கிலோவை ஒட்டிய நுரைக் கலவையும், உள்ளே தண்ணீரும் என்றால் மிதப்புப் பிரச்சினை ஏறக்குறையத் தீர்ந்தது. மற்றொன்று அழுத்தம். எஸ்.டி.ஆர். 17 குழாயை வெளியிலிருந்து நசுக்க அதிக அழுத்தம் வேண்டாம். கலவை இறுகும்போது வெளியாகும் சூட்டில் அது இன்னும் இளகும். உள்ளே தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்தி, கலவையை ஒரே மூச்சில் ஏற்றாமல் இரண்டு மூன்று தவணையாக ஏற்ற வேண்டும். கிரௌட் பம்பில் அழுத்தமானி இல்லாத குழுவை வேலைக்குள் விடாதீர்கள்.

இப்போது கனெக்ஷன். இந்த முறையின் விலைப்பட்டியலில் ஓரமாக ஒரு வரியில் நிற்கும், பில்லில் முதலாளியாகும். மெயினிலிருந்து பிரியும் ஒவ்வொரு இணைப்புக்கும் மேலிருந்து குழி தோண்டி, பழைய இரும்பில் ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் புதுக் குழாயைத் தொடாமல் எடுத்து, மேல்தோலை 0.2 மி.மீ. சீவி, எலெக்ட்ரோஃபியூஷன் சேடில் (மின்சாரச் சூட்டில் உருகி ஒட்டும் இணைப்புத் துண்டு) வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஜன்னலைக் கிரௌட்டுக்கு முன்பே வெட்டி, சுற்றிலும் அடைத்துவிட வேண்டும். பின்னால் வெட்டினால் இறுகிய கலவையை உளி வைத்துக் கொத்த நேரும், கொத்து ஒன்று குழாய்மேல் விழும். சீவாமல் துடைத்துவிட்டுப் பற்றவைத்த சேடில் பரிசோதனையில் நிற்கும், சில வருடம் கழித்து உரிந்து வரும். சீவியதற்கு அடையாளமாக மார்க்கர் கோடு போட்டு, அந்தக் கோடு முழுக்க மறைந்ததா என்று பார்ப்பதே எளிய சோதனை.

600 மி.மீ. மெயினில் வீட்டுக் கனெக்ஷன் அரிது, அதனால்தான் இந்த முறை அங்கே சோபிக்கிறது. பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு வீடு தொங்கும் தெருவில் குழிகளை வரிசையாகப் போட்டால் அது தோண்டிப் போட்ட வேலையேதான். அங்கே இரண்டு வழி: பக்கத்தில் ஓடும் சிறிய குழாய்க்கு வீடுகளை மாற்றிவிட்டுப் பிறகு மெயினை சிலிப்லைன் செய்வது, அல்லது பேசாமல் வேறு முறைக்குப் போவது.

வேறு முறைகள் எப்படி? பைப் பர்ஸ்டிங் 1970களின் இறுதியில் பிரிட்டனில் எரிவாயு மெயின்களுக்காக உருவானது. பழைய குழாயை உடைத்துத் தள்ளி அதே அளவோ பெரிதோ போடும். பெருத்த குழாயில் அந்தப் பலம் வீண், பக்கத்துக் குழாய்க்கும் நடைபாதைக்கும் அதிர்வு மட்டும் மிச்சம். பழைய வார்ப்பிரும்பில் எங்காவது ரிப்பேர் கிளாம்ப் இருந்தால் உடைப்புத் தலை அங்கேயே நின்றுவிடும். லண்டனில் 1971இல் எரிக் வுட் கழிவுநீர்க் குழாயில் செய்துகாட்டிய பிசின் லைனர் முறை (பிசின் தோய்த்த துணிக்குழலை உள்ளே விட்டு இறுகவைப்பது) பெண்டுகளில் வளைந்து போகும், விட்டமும் அதிகம் குறையாது. ஆனால் இங்கே விட்டம் குறையத்தானே வேண்டும்? குடிநீர் மெயினில் அது அழுத்தத்தைத் தானே தாங்கும் தரமா, பழைய இரும்பை நம்பியிருக்கும் தரமா என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஸ்வேஜ்லைனிங் புதுக் குழாயை அச்சுக்குள் இழுத்து ஒடுக்கிப் பழையதோடு ஒட்ட வைக்கும். இழுப்பு நடுவில் நின்றால் குழாய் அங்கேயே விரிந்து மாட்டிக்கொள்ளும். பெர்லினில் உருவான அழுத்தி-இழுக்கும் முறை பழைய குழாயை வெளியே எடுத்துவிட்டு அதே தடத்தில் புதியதைப் போடும். மரவேர்கள் நடுவே சிறிய விட்டக் குழாய்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, நம் 600க்கு அல்ல.

முடிந்ததும் சோதனையில் ஒரு சிக்கல்: பாலிஎத்திலீன் அழுத்தத்தில் மெல்ல விரிந்துகொண்டே இருக்கும், அதனால் ஒழுக்கே இல்லாவிட்டாலும் மானி இறங்கும். இரும்புக்குச் செய்யும் சோதனையை வைத்துக் குழாயைத் திட்டாமல், இ.என். 805 என்ற ஐரோப்பியத் தரத்தில் பாலிஎத்திலீனுக்கென்று இருக்கும் முறையைப் பின்பற்றுங்கள். பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கரைசல், கழுவல், கிருமிச் சோதனை. வேலை நடக்கும் நாட்களில் தரைமேல் போட்ட தற்காலிகக் குழாய்க்கும் இதே சோதனை உண்டு. அது வெயிலில் கிடக்கும் குழாய் என்பதால் இன்னும் கண்டிப்பாக.

பிற்காலத்தில் வரும் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். கிரௌட் இல்லாத இடத்தில் ஒழுகினால் தண்ணீர் வெற்றிடத்திலேயே ஓடி, நூறு மீட்டர் தள்ளி எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக்கில் ஒழுகல் சத்தம் தூரம் போகாது, காதுக் கருவி தடுமாறும். ஆறுதலாக, வெளியே இரும்பு இருப்பதால் குழாய் எங்கே போகிறது என்பதை லொக்கேட்டர் சுலபமாகக் காட்டும். பெட்ரோல் பங்க், பழைய ரசாயன ஆலை மண்ணில் சாதாரண பாலிஎத்திலீன் கூடவே கூடாது, எண்ணெய்ப் பொருள் சுவரை ஊடுருவித் தண்ணீருக்குள் வரும்; அந்தத் துண்டுக்கு மட்டும் டக்டைல் அயர்ன் அல்லது அலுமினியத் தடுப்பு அடுக்குள்ள குழாய்.

டெண்டர் எழுதும்போது மீட்டருக்கு ஒரே விலை என்று கேட்காதீர்கள். இழுப்பு, குழி, கனெக்ஷன் ஜன்னல், கிரௌட், தற்காலிக சப்ளை ஐந்தையும் தனித்தனி அலகில் விலை வாங்குங்கள். கேமராவில் புதிதாக ஒரு பெண்டு தெரிந்தால் கூடுதல் குழிக்கு என்ன விலை என்பதும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பெண்டு நிச்சயம் தெரியும்.